முதலில் தரையா, நேரே வானமா? சாட்டர்னும் என்1-உம் எடுத்த முடிவுகள்

மூவாயிரம் டன்னை நெருங்கும் ஒரு ராக்கெட்டை முதன்முறையாகக் கட்டுகிறவர்கள், பணத்தையும் நாட்களையும் எங்கே செலவிடுவது என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். தரையிலிருந்து தூக்கும் கீழ்ப்பகுதியான முதல் அடுக்கு முழுவதையும் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்ப்பதா, அந்தச் செலவை மிச்சம் பிடித்து நேரே பறக்கவிடுவதா? பறக்கவிடும்போது அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா, எல்லாவற்றையும் முதல் நாளே ஏற்றிவிடுவதா? சில பெரிய எஞ்சின்களா, பல சிறிய எஞ்சின்களா?

1960-களில் இந்தக் கேள்விகளுக்கு மூன்று விடைகளைக் கட்டியே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் சாட்டர்ன் 1 தரையிலும் எரிக்கப்பட்டது, வானத்திலும் படிப்படியாகச் சோதிக்கப்பட்டது. சாட்டர்ன் 5-இன் ஒவ்வொரு அடுக்கும் தரையில் எரிக்கப்பட்டது. வானத்துக்கு மூன்று அடுக்குகளும் ஒரே நாளில் போயின. சோவியத் ஒன்றியத்தின் என்1-இல் முதல் அடுக்கைத் தரையில் எரிக்கவே இல்லை. வானத்துக்கு எல்லா அடுக்குகளும் சேர்ந்தே போயின. முதலாவது 10 முறை பறந்து பத்திலும் வென்றது. இரண்டாவது 1967 முதல் 1973 வரை 13 முறை பறந்தது. மூன்றாவது நான்கு முறை எழும்பி, நான்கு முறையும் முதல் அடுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்போதே அழிந்தது.

மதிப்பெண்ணைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் எந்தத் தேர்வு எந்தத் தோல்வியைக் கொண்டுவந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் இன்று முடிவெடுப்பவருக்குப் பயன்.

படிப்படியாகப் போவது

சாட்டர்ன் 1-இன் முதல் அடுக்கு, கையில் இருந்ததை வைத்துக் கட்டப்பட்டது. நடுவில் ஜூபிடர் ஏவுகணையின் விட்டத்தில் ஒரு தொட்டி, சுற்றிலும் ரெட்ஸ்டோன் விட்டத்தில் எட்டுத் தொட்டிகள், அடியில் எட்டு எச்-1 எஞ்சின்கள். 1961 அக்டோபர் 27 அன்று கேப் கனவரலில் இருந்து முதல் பறப்பு. முதல் நான்கு பறப்புகளில் மேலடுக்குகள் வெறும் பொம்மைகள். அவற்றில் தண்ணீரை நிரப்பி எடையைச் சரிக்கட்டினார்கள். இரண்டாவது, மூன்றாவது பறப்புகளில் அந்தத் தண்ணீரை உயரத்தில் சிதறவிட்டு, வளிமண்டலத்தின் மேற்பகுதியில் என்ன ஆகிறது என்றும் பார்த்தார்கள். நான்காவதில், 1963 மார்ச்சில், ஒரு எஞ்சினைச் சுமார் 100-ஆவது விநாடியில் வேண்டுமென்றே அணைத்தார்கள். அதற்கான எரிபொருளும் ஆக்சிஜனும் மீதி ஏழு எஞ்சின்களுக்குப் போய்ச் சேர, அவை கூடுதல் நேரம் எரிந்தன. ராக்கெட் பாதை தவறவில்லை.

இந்தச் சோதனைக்குப் பலன் உடனே கிடைத்தது. 1964 மே மாதத்தில் ஆறாவது பறப்பில் ஒரு எஞ்சின் தானாகவே நின்றுபோனது. எஞ்சினுக்குள் எரிபொருளைத் தள்ளும் டர்போ பம்பின் பல்சக்கரத்தில் பற்கள் உதிர்ந்ததுதான் காரணம். ராக்கெட் மீதி ஏழில் சுற்றுப்பாதையை அடைந்தது. பற்களை அகலமாக்கிய புதிய சக்கரம் அடுத்த ராக்கெட்டுக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது, ஏனென்றால் அந்தப் பலவீனம் தரைச் சோதனையிலேயே தென்பட்டிருந்தது.

இந்த வழியின் குறை நேரம். மேலடுக்கு உயிரோடு பறந்தது 1964 ஜனவரி 29 அன்று, ஐந்தாவது ராக்கெட்டில்தான். அதுவரை இரண்டு வருடங்களுக்கு மேல், ஒவ்வொரு முறையும் ஒரு முழு முதல் அடுக்கைக் கடலில் போட்டுவிட்டு, திரவ ஹைட்ரஜன் அடுக்கைப் பற்றி வானத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அது மட்டுமல்ல, பொம்மை அடுக்கோடு பறக்கும் ராக்கெட்டின் ஏவுதள இணைப்புகள், மென்பொருள், எடைப் பங்கீடு எல்லாமே இறுதி ராக்கெட்டிலிருந்து வேறு. அடுத்த படிக்குப் போகும்போது பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

ஐந்தா, முப்பதா

சாட்டர்ன் 5-க்கு ஐந்து எஃப்-1 எஞ்சின்கள், ஒவ்வொன்றும் சுமார் 690 டன் உந்துவிசை. என்1-க்கு முப்பது என்கே-15 எஞ்சின்கள், ஒவ்வொன்றும் சுமார் 154 டன். வெளிவட்டத்தில் 24, உள்ளே 6.

"முப்பது எஞ்சின் வைத்ததால்தான் என்1 தோற்றது" என்று சொல்வது எளிது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு எஞ்சின் நூற்றுக்கு 99 முறை ஒழுங்காக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் ஒழுங்காக ஓட வாய்ப்பு சுமார் 95 சதவீதம். முப்பதும் ஓட வாய்ப்பு 74 சதவீதம். ஆனால் என்1-க்கு முப்பதும் தேவையில்லை. ஒன்று நின்றால் அதற்கு நேரெதிரில் இருப்பதையும் அணைத்துச் சமநிலை காக்கும் கோர்ட் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு அதில் இருந்தது. இரண்டு ஜோடிகள் போனாலும் பயணம் தொடரும். அப்படிப் பார்த்தால் வெற்றி வாய்ப்பு 99.6 சதவீதத்துக்கு மேல். காகிதத்தில் முப்பதுதான் ஜெயிக்கிறது.

காகிதத்தில் சேராத ஒரு நிபந்தனை உண்டு: கெட்டுப்போகும் எஞ்சின் அமைதியாக அணைய வேண்டும். பம்ப் வெடித்துப் பக்கத்து எஞ்சினின் குழாயையும் கம்பியையும் கிழித்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் செல்லாது. என்கே-15 மூடிய சுழற்சி எஞ்சின். பம்பைச் சுழற்றும் வாயுவையும் எரிகலத்துக்குள்ளேயே அனுப்பி எரிப்பதால் திறன் மிக அதிகம். எஃப்-1-ஐவிட வெகு மேல். அதற்கு விலை, சூடான, ஆக்சிஜன் மிகுந்த வாயு. அதில் ஒரு உலோகத் துணுக்கு மாட்டினாலும் உலோகமே பற்றி எரியும்.

பெரிய எஞ்சின் பக்கமும் சொகுசு இல்லை. எஃப்-1-இன் எரிகலம் ஒரு மீட்டர் அகலம். அத்தனை அகலத்தில் எரியும்போது அழுத்த அலைகள் வட்டமடிக்கத் தொடங்கி, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் தட்டை உருக்கிவிடும். 1962 ஜூனில் எட்வர்ட்ஸ் தளத்துச் சோதனை மேடையில் ஒரு எஞ்சின் இப்படியே அழிந்தது. அதன்பின் தொடங்கிய தனித் திட்டத்தில் இன்ஜெக்டர் தட்டில் தடுப்புச் சுவர்கள் வைத்துப் பதின்மூன்று அறைகளாகப் பிரித்தார்கள். எரிபொருள் துளைகளைப் பெரிதாக்கினார்கள். தாரைகள் மோதும் கோணத்தை மாற்றினார்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு சிறு வெடிகுண்டை வெடித்து அலையைக் கிளப்பினார்கள். அது பத்தில் ஒரு விநாடிக்குள் தானாக அடங்க வேண்டும். அந்த நிலைக்கு வர ஏறத்தாழ 2,000 முழு அளவுச் சோதனைகள் ஆயின. இது வருடக்கணக்கான வேலை, ஆனால் முழுக்கத் தரையில் நடந்த வேலை. பதின்மூன்று பறப்புகளில் அறுபத்தைந்து எஃப்-1 எஞ்சின்கள் ஓடின, ஒன்றுகூடத் தோற்கவில்லை.

ஆகவே எண்ணிக்கை முதல் கேள்வி அல்ல என்பது என் கணிப்பு. 2018 பிப்ரவரி 6 அன்று ஃபால்கன் ஹெவி 27 எஞ்சின்களோடு முதல் முயற்சியிலேயே வென்றது. அந்த 27-உம் தனித்தனியே எரிக்கப்பட்டவை, பிறகு ஏவுதளத்தில் சேர்த்தும் எரிக்கப்பட்டவை.

ஒரு வால்வு

என்1-இன் கதை உண்மையில் ஒரு வால்வில் தொடங்குகிறது. என்1-இன் தலைமை வடிவமைப்பாளர் கொரோலியோவ் திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் வேண்டும் என்றார். நாட்டின் முன்னணி எஞ்சின் வடிவமைப்பாளர் குளுஷ்கோ நச்சுத்தன்மை மிக்க, சேமித்து வைக்கத்தக்க எரிபொருள்தான் என்று நின்றார். இருவரும் பிரிந்தார்கள். கொரோலியோவ் விமான எஞ்சின் செய்துகொண்டிருந்த குஸ்னெட்சோவிடம் போனார். அங்கே பிறந்த என்கே-15-இல் முக்கிய வால்வுகள் வெடிமருந்தால் இயங்குபவை: ஒரு முறை திறந்தால் திறந்ததுதான். எடை குறைவு, உடனே திறக்கும். ஆனால் ஒரு முறை எரித்த எஞ்சினை மறுபடி எரிக்க முடியாது. அதாவது சோதித்த எஞ்சின் பறக்காது. பறக்கும் எஞ்சின் சோதிக்கப்படாதது.

ஆகையால் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ஆறு எஞ்சின் கொண்ட தொகுதியில் இரண்டை எரிப்பது; அவை சரியாக ஓடினால் மீதி நான்கு ராக்கெட்டுக்கு. ஆறில் ஒன்று பழுது என்று வைத்தால், அந்தப் பழுது மாதிரிக்கு வராமல் தப்பிவிட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. பட்டாசுத் தொழிற்சாலைக்கு இந்த முறை போதும். முப்பது எஞ்சின் ஒன்றாக ஓட வேண்டிய அடுக்குக்குப் போதவே போதாது. ஒப்பிட: ஒரு எஃப்-1 எஞ்சின் 20 முறை தொடங்கவும் மொத்தம் 2,250 விநாடி எரியவும் வடிவமைக்கப்பட்டது, பறப்பில் அதற்குத் தேவைப்பட்டது இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். எனவே ஒவ்வொன்றையும் தனியே எரித்து, அடுக்கில் பொருத்தி ஐந்தையும் சேர்த்து எரித்து, பிறகு அதே எஞ்சின்களைப் பறக்கவிட முடிந்தது.

வால்வு அப்படி என்பதால் அடுக்கையும் எரித்துவிட்டுப் பறக்கவிட முடியாது. எரிப்பதற்கென்றே ஒரு தனி அடுக்கும், நாலாயிரம் டன்னுக்கு மேல் உந்துவிசையைத் தாங்கும் மேடையும் வேண்டும். கொரோலியோவின் சோதனைப் பொறுப்பாளர் லியோனித் வஸ்கிரெசென்ஸ்கி அந்த மேடையைக் கட்டியே ஆக வேண்டும் என்று வாதாடினார். பணமும் நாளும் இல்லை என்று மறுக்கப்பட்டது. அவர் 1965-இலும், கொரோலியோவ் 1966 ஜனவரி 14 அன்றும் இறந்தார்கள். வசீலி மீஷின் பொறுப்பேற்றபோது முடிவு உறைந்துபோயிருந்தது. மேலடுக்குகள் மட்டும் ஸகோர்ஸ்கில் தரையில் எரிக்கப்பட்டன. எரிக்கப்படாத ஒரே அடுக்கு முதல் அடுக்கு. நான்கு முறையும் தோற்றதும் அதுவே.

1969 பிப்ரவரி 21: கிளம்பியதுமே கோர்ட் ஒரு தவறான சமிக்ஞையை நம்பி 12-ஆம் எஞ்சினையும், எதிர்ப்பக்கத்தில் 24-ஆம் எஞ்சினையும் அணைத்தது. பிறகு அதிர்வில் சிறு குழாய்கள் முறிந்து வால்பகுதியில் தீ. கம்பிகள் கருகி, 68.7 விநாடியில் கோர்ட் எல்லா எஞ்சின்களையும் நிறுத்தியது. முப்பதும் சேர்ந்து எரியும்போது எழும் அதிர்வு எந்த எஞ்சின் மேடையிலும் இதற்கு முன் எழுந்ததே இல்லை.

1969 ஜூலை 3: தரையை விட்டு எழும் கணத்தில் 8-ஆம் எஞ்சினின் ஆக்சிஜன் பம்ப் வெடித்தது. ஒன்றைத் தவிர எல்லாம் நின்றன. எரிபொருள் நிரம்பிய ராக்கெட் சில விநாடிகளில் ஏவுதளத்தின் மேலேயே விழுந்தது. இங்கே இழப்பு ராக்கெட்டோடு நிற்கவில்லை. சோதனை மேடைக்கு ஆகும் செலவைத் தவிர்த்தவர்கள், அதைவிட அரிதான ஏவுதளத்தை இழந்தார்கள். அடுத்த முயற்சிக்கு ஏறக்குறைய இரண்டு வருடம்.

1971 ஜூன் 26 பறப்பை நேர்மையாகத் தனியே வைக்க வேண்டும். முப்பது தாரைகளுக்கிடையே உருவான காற்றுச்சுழல் ராக்கெட்டை அச்சைச் சுற்றித் திருகியது. அதை எதிர்க்க வைத்திருந்த சிறு முனைகளுக்குப் பலம் போதவில்லை. 51-ஆவது விநாடியில் எல்லாம் முடிந்தது. கட்டிப்போட்ட அடுக்கில் இது தெரிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பறந்தால் மட்டுமே வெளிப்படும் குறைகள் உண்டு என்பதற்கு இது சாட்சி. அடுத்த ராக்கெட்டில் அந்த முனைகளுக்குப் பதில் தனிச் சிறு எஞ்சின்கள் வைத்தார்கள், அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

1972 நவம்பர் 23: மிக அருகில் வந்த முயற்சி. 90-ஆவது விநாடியில் திட்டப்படி உள்வட்டத்து ஆறு எஞ்சின்களும் ஒரே சமயம் அணைக்கப்பட்டன. ஓடும் திரவத்தைச் சட்டென்று மறித்தால் குழாயில் ஒரு அடி விழும். வீட்டுக் குழாயை வேகமாக மூடும்போது கேட்கும் அதே 'தட்' ஒலி, இங்கே டன் கணக்கில். குழாய்கள் முறிந்து தீப்பிடித்து, 4-ஆம் எஞ்சின் வெடித்து, 107-ஆவது விநாடியில் ராக்கெட் சிதறியது. அடுக்குப் பிரிய ஏழே விநாடி இருந்தது. ஆறையும் ஒன்றாக அணைத்துப் பார்ப்பது ஒரு மேடையில் ஒரு மதிய வேலை.

மேடைக்கு ஆகும் செலவு

தரைச் சோதனையை ஆதரிப்பவர்கள் அதன் விலையை மறைக்கக்கூடாது. மிசிசிப்பியில் சாட்டர்ன் 5 அடுக்குகளுக்காகக் கட்டிய சோதனைத் தளத்தைச் சுற்றி, ஒலியின் அதிர்ச்சிக்காக, சுமார் 1,25,000 ஏக்கரை வெறுமையாக வைக்க வேண்டியிருந்தது. ஐந்து ஊர்கள் காலி செய்யப்பட்டன. 10 மீட்டர் விட்டமுள்ள அடுக்கு சாலையில் போகாது என்பதால் நியூ ஆர்லியன்ஸ் தொழிற்சாலையிலிருந்து படகில் வர வாய்க்கால் வெட்டினார்கள். என்1-க்கு இந்த வசதியும் இல்லை: பைகனூருக்குத் தண்ணீர் வழி கிடையாது, துண்டுகளாக ரயிலில் கொண்டுபோய் அங்கேயே வெல்டிங் செய்து இணைக்க வேண்டியிருந்தது. மேடை வேண்டுமென்றால் அதையும் பாலைவனத்திலேயே கட்டியிருக்க வேண்டும்.

தரையிலும் அடுக்குகள் அழியும். 1965 செப்டம்பரில் சாட்டர்ன் 5-இன் இரண்டாம் அடுக்கான எஸ்-2-இன் கட்டமைப்பு மாதிரி, எதிர்பார்த்த சுமையில் 144 சதவீதத்தை ஏற்றியபோது முறிந்தது. 1966 மே 28 அன்று மற்றொரு எஸ்-2, ஹைட்ரஜன் தொட்டிக்கு அழுத்தம் ஏற்றும்போது கிழிந்தது. அழுத்தமானிகளின் இணைப்பை முந்தைய ஷிப்டில் கழற்றி வைத்திருந்தார்கள். அடுத்த ஷிப்டுக்கு அது தெரியாது. அளவீடு ஏறவில்லையே என்று இன்னும் அழுத்தம் ஏற்றினார்கள். 1967 ஜனவரி 20 அன்று சாக்ரமென்டோவில் மூன்றாம் அடுக்கான எஸ்-4பி ஒன்று எரிப்புக்குச் சில விநாடிகள் முன் வெடித்தது: ஹீலியம் உருண்டை ஒன்றை உலோகக் கலவைக் கம்பிக்குப் பதிலாகத் தூய டைட்டானியம் கம்பியால் வெல்டிங் செய்திருந்தார்கள். மூன்றுமே பெரிய இழப்பு. மூன்றிலும் உடைந்த துண்டுகள் கையில் இருந்தன, காரணம் தெளிவாகத் தெரிந்தது. வானத்தில் உடைந்ததற்கு, ராக்கெட் வானொலி வழியே அனுப்பிய அளவீட்டுக் கோடுகள் மட்டுமே மிஞ்சும்.

எல்லாம் ஒரே நாளில்

1963 நவம்பர் 1 அன்று நாசாவின் ஜார்ஜ் முல்லர், சாட்டர்ன் 5-இன் முதல் பறப்பிலேயே மூன்று அடுக்குகளும் உயிரோடு போக வேண்டும் என்று எழுதினார். சாட்டர்ன் ராக்கெட்டுகளை வடிவமைத்த ஃபான் பிரௌனின் குழு அதிர்ந்தது. படிப்படியாகச் செய்துதான் அவர்களுக்குப் பழக்கம். முல்லரின் வாதம் எளியது: முதல் அடுக்கு தோற்றால் மேலே பொம்மை இருந்தாலும் தோல்விதான், வென்றால் மேலே உண்மை அடுக்கு இருப்பது இலாபம். 1967 நவம்பர் 9 அன்று அப்போலோ 4 முழுமையாக வென்றது.

இந்த வாதம் ஒரு நிபந்தனையோடு மட்டுமே செல்லும்: கீழடுக்கு ஏற்கெனவே தரையில் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். என்1-உம் எல்லாவற்றையும் ஒரே நாளில்தான் அனுப்பியது. அதன் மேலடுக்குகள் நான்கு முறையும் ஒரு விநாடிகூட எரியாமலே அழிந்தன. நிரூபிக்காத அடுக்கின் மேல் நல்ல அடுக்கை வைப்பது, நல்லதையும் சேர்த்துத் தொலைப்பது.

அப்போலோ 6, 1968 ஏப்ரல் 4, எதிர்த்திசைப் பாடம். முதல் அடுக்கில் நீளவாக்கில் விநாடிக்கு ஐந்து முறை குலுங்கும் போகோ அதிர்வு. இரண்டாம் அடுக்கில் ஒரு ஜே-2 எஞ்சின் நின்றது. கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்டிருந்ததால் அணைக்கும் கட்டளை இன்னொன்றுக்கும் போய் அதுவும் நின்றது. மூன்றாம் அடுக்கு மறுபடி பற்றவில்லை. ஜே-2-இன் பற்றவைப்பானுக்கு ஹைட்ரஜன் கொண்டுபோகும் மெல்லிய குழாயில் மடிப்பு மடிப்பான நெகிழும் பகுதி ஒன்று உண்டு. தரையில் எரிக்கும்போது, குளிர்ந்த குழாயின் மேல் காற்று உறைந்து படிந்து மடிப்புகளின் நடுக்கத்தை அடக்கிவிட்டது. வெற்றிடத்தில் அந்தப் படிவு இல்லை. குழாய் நடுங்கியே முறிந்தது. எட்டுக் குழாய்களை வெற்றிட அறையில் ஓட்டிப் பார்த்தார்கள், எட்டும் முறிந்தன. நெகிழ் பகுதியை நீக்கி வளைந்த கெட்டிக் குழாய் போட்டார்கள். போகோவுக்கு, ஆக்சிஜன் குழாயின் வால்வு இடைவெளியில் ஹீலியத்தை அடைத்து மெத்தை போலச் செய்தார்கள். சாட்டர்ன் 5-இன் அடுத்த பறப்பு, 1968 டிசம்பர் 21, அப்போலோ 8: மனிதர்களோடு நிலாவுக்கு. தரை மேடை காப்பாற்றியது, தரை மேடையே ஏமாற்றவும் செய்தது. எந்தச் சூழல் தரையில் இல்லை என்று பாகம் பாகமாகக் கேட்டு, அந்தப் பாகத்தை மட்டும் வெற்றிடத்தில் ஓட்டிப் பார்ப்பது மலிவான காப்பீடு.

எதைத் தேர்வது

வரிசை முக்கியம். முதலில் மறுபடி எரிக்கத்தக்க எஞ்சின். அது இல்லாவிட்டால் மற்ற எந்தத் தேர்வும் உங்கள் கையில் இல்லை. சோவியத் பொறியாளர்களும் இதை உணர்ந்து பலமுறை எரிக்கக்கூடிய என்கே-33-ஐச் செய்தார்கள். அது பறக்கவிருந்த ஐந்தாவது என்1-க்கு முன், 1974-இல் திட்டமே நிறுத்தப்பட்டது. அடுத்தது முழு முதல் அடுக்கை முழு நேரம் எரிக்கும் மேடை. ஏவுதளம் ஒன்றே ஒன்று இருப்பவருக்கு இது கட்டாயம். எஞ்சின் எண்ணிக்கை மூன்றாவது. பல எஞ்சின் வைத்தால், வெடிப்பு பக்கத்துக்குப் பரவாமல் தடுக்கும் கவசத்துக்கும் தவறான சமிக்ஞையை வடிகட்டும் கட்டுப்பாட்டுக்கும் எடை ஒதுக்க வேண்டும். எல்லா அடுக்கையும் ஒரே நாளில் அனுப்புவது கடைசி முடிவு, தரையில் எரித்துக் கிடைத்த முடிவுகளைப் பார்த்தபின் எடுக்க வேண்டியது.

ஓர் அடுக்கு தயார், மற்றது தயாரில்லை என்றால் பொம்மை அடுக்குக்கு இன்றும் இடம் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், இந்தியாவின் எல்விஎம்3 ராக்கெட்டின் எல்110 திரவ அடுக்கை 2010 மார்ச்சில் 200 விநாடி எரிக்கத் தொடங்கி, ஓர் அளவீடு விலகியதால் 150-ஆவது விநாடியில் நிறுத்தினார்கள். செப்டம்பரில் முழு 200 விநாடியும் எரிந்தது. கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடும் மேலடுக்கான கிரையோஜெனிக் அடுக்கு அப்போது தயாராகவில்லை. 2014 டிசம்பர் 18 அன்று அதற்குப் பதிலாக எரியாத பொம்மை அடுக்கை ஏற்றி, கீழ் அடுக்குகளையும் வளிமண்டலப் பாதையையும் மட்டும் சோதித்தார்கள். சி25 என்ற உண்மையான கிரையோஜெனிக் அடுக்கை 2017 ஜனவரியில் மகேந்திரகிரியில் 50 விநாடியும், பிப்ரவரி 17 அன்று 640 விநாடியும் எரித்தார்கள். முழு ராக்கெட் 2017 ஜூன் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, முதல் முயற்சியிலேயே செயற்கைக்கோளைச் சேர்த்தது.